பப்பாளியா, அன்னாசியா, இஞ்சியா: மட்டன் எதற்கு மசியும்?

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் பல வீடுகளில் இந்த வாக்குவாதம் வந்துவிடும். மட்டன் பெரட்டலுக்குப் பச்சைப் பப்பாளியா, அன்னாசியா, இஞ்சியே போதுமா? மூன்றிலும் புரதத்தை வெட்டும் நொதி (என்சைம்) உண்டு. எதற்கு வேகம் அதிகம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சட்டியில் சூடு ஏறும்போது எது எப்போது படுத்துவிடும் என்றல்லவா பார்க்க வேண்டும்?

10 டிகிரி கூடினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் அதன் வடிவமே குலைந்துவிடும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் அது சாவதில்லை, சோம்பிக் கிடக்கும். கோலாலம்பூரின் 30 டிகிரியில் வெளியே வைத்தால் வேகமாக ஊறும்தான், ஆனால் கிருமிகளுக்கும் அந்தச் சூடு பிடிக்கும்.

பப்பாளியின் பாப்பைன் முரட்டு ஆள். 65 டிகிரி வாக்கில்தான் அதற்கு உச்சம். 70ஐத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஆக, ஊறும்போது செய்வதைவிடச் சிறு தீயில் கறி மெல்லச் சூடேறும்போதுதான் அது வெளுத்து வாங்கும். கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது போதும். அள்ளிப் போட்டால், நொதி உள்ளே ஆழமாக இறங்காததால், துண்டின் மேல்பக்கம் கூழாகும், நடுவில் நார் அப்படியே நிற்கும். முற்றின ஆட்டுக்கு என் ஓட்டு இதற்கே.

அன்னாசியின் புரோமலைன் 50, 60 டிகிரியில் சுறுசுறுப்பு. 70ஐத் தொட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். குச்சியில் குத்திச் சுடும் சாத்தே கோழிக்கு அரை மணி நேரம் ஊறினால் சரி, மட்டனுக்குப் பத்தாது. டின் அன்னாசி வேண்டவே வேண்டாம், அடைக்கும்போதே சூடாக்கிவிடுகிறார்கள். (ஜெலட்டின் ஜெல்லியில் பச்சை அன்னாசி போட்டால் இறுகாததும் இதே நொதியால்தான். அகார் அகார் கடற்பாசி, புரதமில்லை. அது பாட்டுக்கு இறுகும்.)

இஞ்சியின் நொதிக்கு 60 டிகிரி தோது. இணைப்புத் திசுவின் புரதமான கொலாஜனை நன்றாக வெட்டும், ஆனால் அரைத்து வைத்தால் சீக்கிரம் வீரியம் போய்விடும். அப்போதைக்கப்போது அரைப்பவர்களுக்கு மட்டும்.

குக்கர்காரர்களுக்கு மூன்றுமே வீண். விசில் வரும்போது உள்ளே 120 டிகிரியை நெருங்கும். நொதி வேலை செய்யும் சூட்டைச் சட்டென்று கடந்துவிடும், கொலாஜனை வெந்நீரே கரைத்துவிடும். பப்பாளியைக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.