இட்லி அருமை, சுவரில் எழுதியிருப்பதுதான் உண்மையில்லை

1960-களின் தமிழகத்தைக் கண்முன் நிறுத்துவதாக விளம்பரம் செய்யும் சென்னை உணவகம் ஒன்றுக்கு, அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சென்ற வாரம் காலைச் சிற்றுண்டிக்குப் போயிருந்தேன். சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இட்லி பஞ்சு போல இருந்தது. கரகரப்பாக இடித்த மிளகாய்ப்பொடியில் குழி செய்து, செக்கு நல்லெண்ணெயை நம் கண்ணெதிரே ஊற்றுகிறார்கள். டபராவில் வந்த காபி கடைசி மடக்கு வரை சூடாக இருந்தது. நான்கு பேருக்கு 780 ரூபாய் ஆனது. இந்தத் தரத்துக்கு அது நியாயமான விலைதான்.

ஆனால் சுவரில், காமராஜர் படத்தின் கீழே, 'எவரும் பசித்திராத பொற்காலம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் அன்றைய விலைப்பட்டியலையும் மாட்டியிருக்கிறார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு, "விலை போட்டிருக்காங்க, கூலி என்னன்னு போடலையேப்பா" என்றார்.

காமராஜர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனால்தான் அந்த வாசகம் என்னை உறுத்துகிறது. பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் இருந்ததைக் கண்டுதான் அவர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தார். பசியே இல்லாத காலம் என்று எழுதுவது அவர் செய்த பெரும் பணியையே மறைத்துவிடுகிறது. அவர் 1963-இல் பதவி விலகிய பிறகு அரிசித் தட்டுப்பாடு முற்றியது. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. ரேஷன் கடை வரிசையில் விடியும் முன்பே இடம் பிடித்து நின்று, அரிசிக்குப் பதிலாகக் கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையை வாங்கிவந்து, சப்பாத்தி இடத் தெரியாமல் களி கிண்டித் தின்றதை இன்றும் சொல்வார். 1966-இல் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தோடு இந்த அரிசிப் பஞ்சமும் சேர்ந்துதான் 1967-இல் ஆட்சியை மாற்றியது. ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்று தி.மு.க. வாக்களித்த 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கம் ஊரெங்கும் எடுபட்டதென்றால், வயிறு நிறைந்திருந்த மக்களிடம் அது எடுபட்டிருக்க முடியாது. மறு ஆண்டு டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதும் இதே பத்தாண்டில்தான்.

படம் எடுத்துக்கொள்வதற்கென்று, வாசலருகே 'கிராமத்து டீக்கடை' ஒன்றையும் பழைய பெஞ்சோடும் பித்தளைக் குவளைகளோடும் அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆசையாகப் போய் உட்கார்ந்தார்கள்; அம்மா உட்கார மறுத்துவிட்டார். அவருடைய ஊர் டீக்கடையில் தாத்தாவுக்குத் தனிக் குவளை, பெஞ்சில் இடம் கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே இட்லி அவித்த வீடு அது.

மேலாளரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உரிமையாளரிடம் தெரிவிப்பதாகச் சொன்னார். விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அக்காலத்து ரேஷன் அட்டை ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினால்கூடப் போதும். இட்லிக்காக நான் நிச்சயம் மறுபடியும் போவேன். அந்த வாசகத்தை எடுத்தபிறகுதான் அம்மாவை அழைத்துப் போவேன்.