ஹோமில் சேர்க்கும் முன்: சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து ஏமாறாதீங்க

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளையோ கூடப்பிறந்தவர்களையோ தங்க வைக்க ஹோம் தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்க. 2 லட்சம் டெபாசிட், மாதம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஹோம் என் தம்பியை எப்படி வைத்திருந்தது என்பதுதான் விஷயம். பெயரை எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார். பெயர் தெரிந்தும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை, போர்டை மாற்ற அரை நாள் போதும். ஏமாற்றுகிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்க.

தம்பிக்கு 36 வயது. பேச்சு இரண்டு மூன்று வார்த்தைதான், ஆனால் நாம் பேசுவது நன்றாகவே புரியும். சின்ன வயதிலிருந்தே வலிப்பு, அதற்கு மாத்திரை. அம்மா இருந்தவரை தோட்டத்தை விட்டு நகர மாட்டான். மாட்டுக்குத் தண்ணி காட்டுவான், களத்தில் கொப்பரை காயப்போட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காய் விரட்டுவான், ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் சோறு என்றால் தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டுவான். அம்மா போன பிறகு அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. எனக்குப் பெருந்துறையில் வாடகை வீடு, என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. "கொண்டுபோய் ஹோம்ல விடறதா?" என்று கேட்ட சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட ஒரு வாரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"வயது வந்தவர்களுக்கான சப்போர்ட்டட் லிவிங்" என்று விளம்பரம். நாலு பேருக்கு ஒரு வீடு, ஆளுக்கொரு அறை, பிடித்ததைச் சமைத்துத் தருவோம், கடைக்குக் கூட்டிப்போவோம், சின்னச் சின்ன வேலை பழக்குவோம். போய்ப் பார்த்தால் போர்டிகோ வைத்த வீடு, அறைக்கு அறை புது மெத்தை, பின்னால் கீரைப்பாத்தி. ஹால் சுவரில் பிரேம் போட்டு ஏழெட்டு சான்றிதழ்கள். அப்பா பழைய ஆள், முத்திரையைப் பார்த்ததுமே அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

அந்தச் சான்றிதழ்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒன்று டிரஸ்ட் பத்திரம், சார்பதிவாளர் ஆபீசில் பதிந்தது. அடுத்தது 12ஏ, அதற்குப் பக்கத்தில் 80ஜி. இரண்டும் வருமான வரித்துறை தருவது, ஒன்று டிரஸ்டின் வரிச்சலுகைக்கு, மற்றது நன்கொடை கொடுப்பவரின் வரிச்சலுகைக்கு. தர்பன் எண் என்பது தொண்டு நிறுவனங்கள் ஆன்லைனில் பதிந்து வாங்கிக்கொள்வது. ஐஎஸ்ஓ முத்திரை தனியார் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவது. உள்ளே இருக்கிறவருக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறார்களா, ராத்திரி வலிப்பு வந்தால் எழுந்து வர ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்த பேப்பர் இதில் ஒன்றுகூட இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லம் நடத்த, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி தனியாகப் பதிவுச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் நடத்தவே கூடாது என்கிறது 50-வது பிரிவு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நான் கேட்டபோது, அந்த முகவரியில் அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். சான்று இருக்கிறது என்று காட்டினாலும், அதே முகவரிக்குத்தானா, தேதி முடிந்துவிட்டதா, எந்த வகையினருக்காக வாங்கியது என்று படித்துப் பாருங்க.

பதிவில்லாத இடம் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூறு பேருக்கு மேல் மீட்கப்பட்டு, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அங்கே சேர்த்திருந்த ஒரு முதியவரைக் காணவில்லை என்று கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அது வெளியே வந்தது.

தம்பியைச் சேர்த்ததும் மூன்று மாதம் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது, "அவரு செட்டில் ஆகோணுமுங்க" என்றார்கள். பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு 11 மணியிலிருந்து 1 மணிக்குள், அதுவும் முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டு. போனால் முகம் கழுவி, பவுடர் பூசி, அந்த முன்வீட்டு ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வாராவாரம் போட்டோ வரும். கேக் வெட்டுகிறான், பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், எல்லாவற்றிலும் கண் பாதி மூடியிருக்கும். உடம்பு ஊதிக்கொண்டே போனது, வாயோரம் எச்சில் வடிய ஆரம்பித்தது. கேட்டதற்கு, "இங்க சாப்பாடு நல்லா ஒத்துக்குச்சுங்க்கா" என்று பதில்.

அன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் மத்தியானம் மூன்று மணிவாக்கில் அங்கே போய் நின்றோம். முன்வீடு பூட்டிக் கிடந்தது. அதில் யாரும் குடியிருக்கவே இல்லை, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த வீடு. பின்னால் தகர ஷீட் போட்ட நீள ஹால். கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்தது. உள்ளே இருபது ஆம்பளைங்க, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய முடி, மேலே டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி போட்டிருந்தது அவன் சட்டையே இல்லை. காலரில் மார்க்கர் பேனாவால் 17 என்று எழுதியிருந்தது.

அலமாரியில் மாத்திரை நோட்டு இருந்தது. காலை, மத்தியானம், ராத்திரி என்று கட்டம் போட்டு, பெயருக்கு நேரே டிக் அடிக்க வேண்டும். தம்பி பெயருக்கு நேரே அன்றைக்கு ராத்திரிக்கு டிக் விழுந்திருந்தது. வியாழக்கிழமைக்கும் விழுந்திருந்தது, வெள்ளிக்கும் விழுந்திருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு.

"ஏனுங்க தம்பி, இது இன்னைக்கு ராத்திரி மாத்திரைதானுங்களே?"

"ஆமாங்க்கா."

"மணி இன்னும் மூணுதானே ஆகுது?"

"ஆபீஸ்ல கேப்பாங்கன்னு முன்னாலயே போட்டு வெச்சிருவோமுங்க்கா."

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இருபது பேருக்கும் அவன் ஒருத்தன்தான், ராத்திரிக்கும் அவனேதான்.

நாங்கள் கொடுத்திருந்தது வலிப்புக்கான வால்ப்ரோயேட் மட்டும். தம்பி பெயர் எழுதிய டப்பாவில் கூடவே ரிஸ்பெரிடோன் அட்டை இருந்தது. எந்த டாக்டர் எழுதியது என்று கேட்டால் சீட்டு கிடையாது. அன்றைக்கே கூட்டி வந்து கோவையில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். மனநோய்க்குத் தருகிற மாத்திரை, முரட்டுத்தனம் மிஞ்சிப்போனால் சிலருக்கு டாக்டர் பார்த்து எழுதுவதும் உண்டு, உங்க தம்பிக்கு அதற்கு ஒரு காரணமும் தெரியவில்லையே என்றார். சதா தூக்கம், எடை கூடுவது, எச்சில் வடிவது எல்லாமே அதன் பக்கவிளைவுகளில் வருவதாம். உங்கள் வீட்டு ஆளுக்கும் இப்படி நடந்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீங்க, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

என் அத்தை பையன் இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளைக் கவனித்துக்கொள்கிற வேலை பார்க்கிறான். அங்கே சப்போர்ட்டட் லிவிங் என்றால் வாடகை ஒப்பந்தமே அந்த மாற்றுத்திறனாளி பெயரில் இருக்குமாம். வீடு அவருடையது, உதவிக்கு ஆள் அனுப்புவது தனி ஏற்பாடு. கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு அந்தக் கவனிப்பை ஆய்வு செய்கிறது, வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் ஆய்வாளரே அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். இந்த மாதிரிக் கவனிப்பில் வாழ்ந்து பழகியவர்களையும் ஆய்வுக்குக் கூட்டிப்போவார்களாம், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். 2011-ல் பிரிஸ்டல் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அடித்துக் கொடுமைப்படுத்தியதை பிபிசி ரகசியக் கேமராவில் எடுத்துக் காட்டியது. அங்கே வேலை பார்த்த ஒருவர் அதே கமிஷனுக்கு முன்கூட்டியே எழுதியும் அவர்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு 11 பேருக்குத் தண்டனை, அதில் 6 பேருக்குச் சிறை. ஆகவே ஆபீசர் வந்து பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது.

சேர்க்கும் முன்பே ஒரு வார நாளில், சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு சொல்லாமல் போங்க. மேனேஜர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல், அங்கே இருக்கிறவர்களிடம் வேலையாட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்க. குளிக்கிற இடத்தைப் பாருங்க. ராத்திரிக்கு எத்தனை பேர் என்று சமையல்காரம்மாவிடம் கேளுங்க, ஆபீசில் கேட்டால் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். எந்நேரமும் வந்து பார்க்கலாமா என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிற இடத்தில் சேர்க்காதீங்க. நல்லபடி நடத்துகிறவர்களும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பிக்கு அரசு தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். "ஆஸ்பத்திரி அவசரத்துக்கு" என்று அவன் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 18,000 போக அதுவும் மாதாமாதம் எடுக்கப்பட்டிருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, கார்டியன் பேப்பரை ஹோம் பெயருக்குப் போட்டுவிட்டால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் தம்பிக்கும் பங்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். 18 வயது தாண்டியவர்களுக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிப்பது, 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழு. பெற்றோரோ உறவினரோ நேரடியாக அங்கே மனு கொடுக்கலாம். நியமனம் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்துக் கணக்கைக் கொடுக்க வேண்டும். யாராவது ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்க.

இப்போது தம்பி அப்பாவிடம் இருக்கிறான், பகலில் ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். அவனுடைய 2 லட்சம் டெபாசிட்டில் 50,000 ரூபாய்க்குச் செக் வந்தது, மீதி பராமரிப்புச் செலவில் கழிந்துவிட்டதாம். காசு கொடுத்துப் பெற்ற சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இன்னொரு பக்கம், திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கலெக்டரிடம் கொடுத்த மனு கோட்டாட்சியர் விசாரணைக்குப் போயிருக்கிறது. உரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி கொடுமை நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் நிர்வாகத்துறை நடுவருக்கு (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்டிரேட்) தகவல் கொடுக்கலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே சோறு தண்ணி மறுத்தால் 92-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை.

உங்கள் ஆளும் இப்படி ஓர் இடத்தில் இருந்து, மனசுக்குள் சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தால், இந்த வாரமே போங்க. சண்டை போடுவதற்கு முன் மாத்திரை நோட்டையும் டப்பாவையும் தேதி தெரிகிற மாதிரி போனில் போட்டோ எடுத்துக்கோங்க. நாங்கள் வாயால் சொன்ன எல்லாவற்றுக்கும் ஹோம்காரர் மறுப்பு வைத்திருந்தார், வெள்ளிக்கிழமை டிக் விழுந்த அந்தப் புதன்கிழமைப் போட்டோவுக்கு மட்டும் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.