ஓப்பன்டூன்ஸ்: பென்சிலைக் கீழே வைக்க மனமில்லாதவர்களுக்கு

இலவசம் என்று கேள்விப்பட்டு ஓப்பன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளை இறக்கி, திறந்த வேகத்தில் மூடிவிட்டுப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பலகைகள். லெவல் என்கிறது, எக்ஸ்ஷீட் என்கிறது, ஸ்கெமாட்டிக் என்கிறது. படம் வரைய வந்தவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அடிப்படையில் இது வரைவதற்கென்று பிறந்த மென்பொருள் அல்ல. காகிதத்தில் வரைந்து முடித்த படங்களை வாங்கி, அழுக்கு நீக்கி, வண்ணமிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நேரக் கணக்குப்படி ஓடவிட்டுத் தரும் பட்டறை. ஜப்பானிய அனிமே ஸ்டூடியோவில் ஒரு படம் ஓவியரின் மேசையை விட்டு எழுந்தபின் அதற்கு என்னென்ன நடக்குமோ, அத்தனையும் இதற்குள் இருக்கிறது. அந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி தீராது; அதற்குப் பின்னால் வருகிறேன்.

ரோம் நகரத்தின் டிஜிட்டல் வீடியோ என்ற நிறுவனம் 1990களில் உருவாக்கிய டூன்ஸ் என்ற மென்பொருள்தான் இதன் மூலவடிவம். 1997இல் வெளியான ‘இளவரசி மோனோநோகே’வுக்காக ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லி இதைக் கையில் எடுத்தது. அந்தப் படத்தின் பெரும்பகுதி பழைய முறையில்தான் உருவானது: காகிதத்தில் வரைந்த கோட்டை ஒளி ஊடுருவும் செல் தாளுக்கு மாற்றி, அதன் பின்பக்கத்தில் கையால் வண்ணம் பூசி, காயவைத்து, கேமராவின் கீழ் வைத்து ஃபிலிமில் எடுப்பது. சில நிமிடக் காட்சிகளுக்கு மட்டும் கணினி வண்ணம். இரண்டே ஆண்டுகளில், 1999இல், ‘என் அண்டை வீட்டு யமதா குடும்பம்’ படத்தில் ஜிப்லி முழுக்கக் கணினி வண்ணத்துக்கு மாறிவிட்டது. வரைவது மட்டும் காகிதத்திலேயே நின்றது. எல்லோரும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. 1969 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘சசாயே-சான்’ தொலைக்காட்சித் தொடர் 2013 வரை செல் தாளைக் கைவிடவில்லை.

ஜிப்லி தன் தேவைக்கேற்பத் திருத்தி வைத்திருந்த டூன்ஸை, ஜப்பானின் த்வாங்கோ நிறுவனம் 2016 மார்ச்சில் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. காசு இல்லை, வணிக வேலைக்கும் தடை இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

சிறுவர் பத்திரிகைகளுக்குக் கோட்டுச் சித்திரம் வரைவது என் பிழைப்பு. டிஜிட்டல் பலகையில் என் கோடு வழுக்கிக்கொண்டு ஓடும். காகிதத்தின் சொரசொரப்பு இருந்தால்தான் கை நிற்கும். ஆகவே இந்த மதிப்புரை என்னைப் போன்ற பழைய கையை உடையவர்களின் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரு சின்னக் காட்சி: மழையில் ஒரு பையன் குடையை விரிக்கிறான், முகத்தில் குடையின் நிழல் விழுகிறது.

முதல் மகிழ்ச்சி, ஸ்கேன் செய்த படங்களைச் சுத்தப்படுத்தும் ‘கிளீனப்’ பகுதியில் கிடைத்தது. அனிமேஷன் காகிதத்தின் ஓரத்தில் மூன்று துளைகள் இருக்கும். பெக்பார் என்ற பட்டையின் முளைகளில் அவற்றை மாட்டித்தான் தாள் தாளாக வரைவோம். ஸ்கேனரில் தாள் கொஞ்சம் கோணலாக விழுந்தாலும், மென்பொருள் அந்தத் துளைகளைத் தேடிப் பிடித்து எல்லாப் படங்களையும் நேராக நிறுத்துகிறது. துளையிடும் கருவியின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. துளையிட்ட காகிதப் பட்டைகளை வாங்கிச் சாதாரணத் தாளில் ஒட்டிக்கொள்கிறேன். இப்படிப் பட்டை ஒட்டும் வழக்கம் ஜப்பானிய ஸ்டூடியோக்களிலும் உண்டு என்று அறிந்தபோது என் கஞ்சத்தனத்துக்கு ஒரு கௌரவம் வந்தது.

அடுத்தது நிழல். அனிமேயில் முகத்து நிழல் மங்கிக் கரைவதில்லை. கத்தியால் வெட்டினாற்போல விளிம்போடு நிற்கும். அந்த விளிம்பை ஓவியர் காகிதத்தில் வண்ணப் பென்சிலால் வரைகிறார். கறுப்புக் கோடு திரையில் தெரிய வேண்டியது. வண்ணக் கோடு ‘இங்கே நிறம் மாறுகிறது’ என்று பூசுகிறவருக்குச் சொல்லிவிட்டு மறைய வேண்டியது. செல் காலத்தில் அந்த விளிம்பைத் தனியாக வண்ண மை தொட்டுக் கையால் இழுப்பார்கள். ஓப்பன்டூன்ஸில் கிளீனப்பை வண்ண முறையில் ஓட்டினால் என் நீலக் கோடுகள் கறுப்பிலிருந்து பிரிந்து தனி நிறமாக உட்காருகின்றன. அந்த நிறத்துக்கு ‘ஆட்டோபெயின்ட்’ வசதியைப் போட்டுவிட்டு, கன்னத்துக்குத் தோல் நிறத்தை ஊற்றினேன். நீலக் கோடு தோல் நிறத்தில் கலந்து காணாமல் போனது. நிழலின் விளிம்பு மட்டும் சுத்தமாக நின்றது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த மென்பொருளை மன்னிப்பேன்.

நிறங்களும் படத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. பையனின் சட்டை எந்தத் தாளில் வந்தாலும் அது வண்ணத் தட்டில் உள்ள ஒரே எண்ணைத்தான் சுட்டுகிறது. மழைக்காட்சிக்குச் சட்டையைக் கொஞ்சம் மங்கலாக்கலாம் என்று தட்டில் ஒரு முறை மாற்றினால் எல்லாத் தாள்களிலும் மாறிவிடும். செல் தாளில் இதே யோசனை தோன்றியிருந்தால் அடுக்கடுக்காகத் திரும்பப் பூச வேண்டியிருந்திருக்கும்.

எந்தப் படம் எப்போது திரையில் வரும் என்று குறிக்கும் அட்டவணையான எக்ஸ்ஷீட்டைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. மற்ற மென்பொருள்களில் காலம் இடமிருந்து வலமாக ஓடும். இங்கே மேலிருந்து கீழே இறங்கும், ஜப்பானிய ஸ்டூடியோக்களின் காகித டைம்ஷீட்டைப் போலவே. அந்தத் தாளில் ஒரு பக்கத்துக்கு 6 விநாடி, அதாவது 144 ஃப்ரேம் (திரையில் ஒரு கணம் நிற்கும் ஒற்றைச் சட்டகம்). உடல் ஒரு பத்தி, குடை ஒரு பத்தி, முடி ஒரு பத்தி. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றாலும் ஜப்பானியர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை 3 ஃப்ரேம் நிறுத்துவார்கள். விநாடிக்கு எட்டுப் படம் போதும். 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாரம் ஒன்றாகத் தர வேண்டிய நெருக்கடியில் வேரூன்றிய சிக்கனம் அது. எக்ஸ்ஷீட்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து ‘ரீஃப்ரேம்’ கட்டளையில் 3 என்று கொடுத்தால் முடிந்தது. குடை படீரென்று விரியும் இடத்தை மட்டும் 1 என்று மாற்றிப் பார்த்தேன். அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தபோதுதான், அனிமேயின் சண்டைக் காட்சிகள் திடீரென்று ஏன் வழவழப்பாகின்றன என்பது உறைத்தது.

இனிக் குறைகள். தூரிகை விஷயத்தில் இது ஏழை. திரையிலேயே வரைய விரும்புகிறவருக்குச் சுகப்படாது. மங்கலான பென்சில் கோட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் வண்ணம் வெளியே வழிகிறது. இடைவெளியை அடைக்கும் கருவி உண்டு, ஆனால் அழுத்தி வரைவதே நல்ல மருந்து. சேமிக்கும் முறை இன்னும் விசித்திரம்: காட்சிக் கோப்பு வேறு, படங்களின் கோப்புகள் வேறு. காட்சியைச் சேமித்துவிட்டேன் என்று நிம்மதியாக எழுந்தால் படத்தில் செய்த திருத்தம் சேமிக்கப்படாமலே இருக்கலாம். ‘அனைத்தையும் சேமி’ என்ற கட்டளையைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெரிய ஸ்டூடியோவில் வரைகிறவர் ஒருவர், பூசுகிறவர் ஒருவர், அடுக்குகிறவர் ஒருவர் என்பதால் இந்தப் பிரிவினைக்கு அர்த்தம் உண்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவேதனைதான்.

ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே வரும் இடைப்படங்களைக் கணினியே வரைந்து தரும் என்று நம்பி வராதீர்கள். கணினி கணித வளைவுகளாக வைத்திருக்கும் வெக்டர் கோடுகளில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. என் பையனின் கை அதில் ரப்பர் குழாயாக நீண்டது. ஜப்பானிலும் அந்த வேலையை இன்னும் மனிதர்கள்தான் செய்கிறார்கள், பெரும்பங்கு தென்கொரியா, சீனா, வியட்நாம் போன்ற நாடுகளுக்குப் போகிறது.

டேப்லட்டில் வரைகிறவர்கள் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் என்ற மென்பொருளின் பக்கம் போவதே மேல். டோக்கியோவின் செல்சிஸ் நிறுவனத் தயாரிப்பு; அனிமே உலகில் பல ஆண்டுகள் கோலோச்சிய ரெட்டாஸ் மென்பொருளும் அவர்களுடையதுதான். தூரிகைகள் அருமை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: புரோ பதிப்பில் அனிமேஷனுக்கு 24 ஃப்ரேம்தான் எல்லை, அதற்கு மேல் வேண்டுமென்றால் இஎக்ஸ் பதிப்பு. இரண்டையும் சேர்த்துப் புழங்கவும் வழியுண்டு. கிளிப் ஸ்டூடியோவில் போட்ட நேரக் கணக்கை எக்ஸ்டிடிஎஸ் (XDTS) என்ற டைம்ஷீட் கோப்பாக எடுத்து ஓப்பன்டூன்ஸுக்குள் கொண்டுவரலாம்.

ஓப்பன்டூன்ஸின் முகம் மட்டும்தான் உங்களைப் பயமுறுத்துகிறது என்றால் டஹோமா2டி என்ற அதன் கிளைப்பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம், அதே எக்ஸ்ஷீட், அதே கிளீனப். பலகைகளை மட்டும் மனிதர் புழங்கும்படி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் கேட்டபோது அதைத்தான் அவள் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். நான் பழைய முகத்தோடே இருக்கிறேன், எந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று ஒருவழியாகப் பழகிவிட்டதால்.