வாரண்டி எடுக்காமல் வாங்கிய பழைய ஸ்விஃப்ட்: மூன்று வருடம், 41,000 கி.மீ., வாரம் மூன்று முறை ஏற்காடு

2022 ஜூன் மாதம் சேலம் பைபாஸ் பக்கம் ஒரு பழைய கார் டீலரிடம் இந்த ஸ்விஃப்ட் விடிஐயை வாங்கினேன். 2014 மாடல், டீசல், ஓடியிருந்தது 68,000 கி.மீ. டிஎன் 28, நாமக்கல் வண்டி. சொன்ன விலை 4,10,000. பேசி முடித்தது 3,82,000. அட்வான்ஸ் கொடுக்கும்போது இன்னொரு தாளை நீட்டினார்கள். 13,500 சேர்த்துக் கட்டினால் ஒரு வருடம் அல்லது 15,000 கி.மீ. வாரண்டி. வேண்டாம் என்றேன். வீட்டில் ஒரு வாரம் திட்டு விழுந்தது. இப்போது மீட்டரில் 1,09,000. அந்தப் பணம் மிச்சமா, நஷ்டமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் கணக்கைப் பிரித்துப் போடுகிறேன்.

கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பும். வீடு அஸ்தம்பட்டி. ஏற்காட்டில் இரண்டு காபி எஸ்டேட்டுக்குக் கணக்குப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறி, சாயங்காலம் இறங்குவேன். ஒரு வழிக்கு 30 கி.மீ. சொச்சம், அதில் 20 கொண்டை ஊசி வளைவு. டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது.

வாரண்டி தாளின் முதல் பக்கம் படிக்க நன்றாகத்தான் இருந்தது. என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் உண்டு. பின்பக்கத்தைத் திருப்பினால் கிளட்ச், பிரேக், பேட்டரி, டயர், புஷ், ஷாக் அப்சார்பர், ரப்பர் ஹோஸ் கிடையாது. மலை எதையெல்லாம் தின்னுமோ அதெல்லாம் பின்பக்கத்தில் இருந்தது. அது போக, 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை அவர்கள் சொல்கிற ஷெட்டில்தான் சர்வீஸ் விட வேண்டும், ஒன்று தவறினாலும் வாரண்டி செல்லாது. அந்த 13,500ஐ காபித்தூள் டப்பாவில் போட்டேன். மாதம் 2,000 அதே டப்பாவுக்கு. வழக்கமான ஆயில் சர்வீஸ் கைச்செலவு, ரிப்பேர் மட்டும் டப்பா.

வாங்குவதற்கு முன்னால் என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வண்டி பிழைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். முதல் நாள் போனபோது பானட்டில் கை வைத்தால் சுட்டது. நான் வருவதாக போனில் சொல்லியிருந்ததால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீசல் வண்டி சூடாக இருந்தால் பாதி வியாதி வெளியே தெரியாது. ஒன்றும் சொல்லாமல் கிளம்பி, மறுநாள் காலை 7 மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். கூடவே கொண்டலாம்பட்டி மெக்கானிக் அண்ணன், கூலி 1,000 ரூபாய். டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படித்தார் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்), பெடல் ரப்பர் தேய்மானத்தையும் மீட்டரையும் ஒப்பிட்டார், கம்பெனி சர்வீஸ் பதிவை வண்டி நம்பர் கொடுத்து எடுக்கச் சொன்னார். மூன்றும் ஒத்துப் போயின.

டெஸ்ட் டிரைவுக்குத்தான் தகராறு. "பைபாஸ்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார், மலைக்கெல்லாம் தர்றதில்ல" என்றார்கள். மலை ஏறாத வண்டி எனக்கு எதற்கு? கடைசியில் அவர்கள் பையன் ஒருவன் கூட வர, அடிவாரம் தாண்டி நாலு வளைவு ஏற்றினோம். டெம்பரேச்சர் முள் அசையவில்லை. திரும்பி வந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ஜின் சுத்தமா இருக்குதுங்க. கிளட்ச் ஒரு வருசம் வரும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார். அதைச் சொல்லித்தான் விலையையும் குறைத்தேன். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர்க்காரர் வைத்திருந்த வண்டி, மோசம் போகாது என்று எனக்குள் ஒரு மூடநம்பிக்கையும் இருந்தது.

முதல் வருடம். இரண்டாம் மாதம் பேட்டரி, 5,400. நாலாம் மாதம் முன்சக்கரத்தில் கடக் கடக் என்று சத்தம். லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 6,200. ஏழாம் மாதம் ஸ்டார்ட்டர் மோட்டார், 2,600.

பதினோராம் மாதம் கிளட்ச். 2023 மே, கோடை விழா நேரம். இந்த என்ஜின் 1,248 சிசி, முழு இழுவை 190 நியூட்டன் மீட்டர், அது வருவதே 2,000 ஆர்பிஎம்மில். அதற்குக் கீழே டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்) தூங்கும். கொண்டை ஊசியில் செகண்ட் கியரில் திரும்பினால் 1,300க்கு விழுந்து திணறும். ஃபர்ஸ்டுக்குப் போக வேண்டும். பலர் போகாமல் கிளட்சை அரைவாசி மிதித்தே ஏற்றுவார்கள். முதல் ஆறு மாதம் நானும் அந்தப் பாவத்தைச் செய்தேன். அன்று மலர்க் கண்காட்சிக்கு வந்த கார்களின் வால் பாதி மலை வரை நின்றது. நின்று நின்று ஏறுகிறேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. கருகல் வாசம். என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓரம் கட்டி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாகத் திருப்பி இறக்கினேன். கிளட்ச் செட்டும் கூலியும் 11,800. அண்ணன் சிரிக்கவில்லை, அதுவே பெரிது.

ஆக முதல் வருடம் 26,000. வாரண்டி இருந்திருந்தால் அதில் ஸ்டார்ட்டருக்கான 2,600 மட்டும் கிடைத்திருக்கும்.

பதினாலாம் மாதம் ஏசி கம்ப்ரஸர் போனது. 16,000. தாளின் முதல் பக்கத்தில் இருந்த சாமான்தான், ஆனால் எடுத்திருந்தாலும் வாரண்டி இரண்டு மாதம் முன்பே முடிந்திருக்கும். டப்பாவில் இருந்தது 15,500. குறைந்த 500ஐ வீட்டுக்காரம்மா கொடுத்தார், ஒரு பார்வையோடு. அதற்குப் பிறகு ஒருநாள் மலையில் இழுவை திடீரென்று செத்து பின்னால் கரும்புகை, பயந்துவிட்டேன். பார்த்தால் டர்போ காற்று போகும் ரப்பர் குழாயில், அதாவது இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல், 1,900. மூன்றாம் வருடம் நாலு டயர் 16,400. வேறு பெரிய செலவு இல்லை.

நான் ஏமாந்தது வண்டியில் இல்லை, பேப்பரில். ஒரு மாதத்தில் ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) என் பெயருக்கு வரும் என்று சொல்லி நாலு மாதம் இழுத்தார்கள். பழைய ஓனரின் லோன் முடிந்திருந்தது, ஆனால் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் நீக்கப்படவில்லை. பேங்கிலிருந்து என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வந்து, பைனான்ஸ் பெயரை நீக்கும் படிவம் 35 போட்டு, அப்புறம்தான் ஓனர் பெயரை மாற்றும் படிவம் 29, 30. இடையில் ஐந்து ரோட்டில் எனக்கு விழுந்த நோ பார்க்கிங் சலான் நாமக்கல்காரர் போனுக்குப் போய், அவர் டீலரிடம் நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், காபித்தூள் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆனோம். மொத்த விலையில் 10,000ஐ ஆர்சி பெயர் மாறிய பிறகுதான் தருவேன் என்று பிடித்து வைத்திருந்தேன். இல்லையென்றால் நாலு மாதம் எட்டாகியிருக்கும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மெக்கானிக் அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார், டீலர் வாயே திறக்கவில்லை. நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. அந்த வித்தியாசத் தொகையையும் கட்டினேன். 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வாங்கி வைத்திருக்கும் வண்டிக்கு அவர்களே பொறுப்பு என்று விதி வந்துவிட்டது. இன்று வாங்கப் போனால் முதலில் அந்தச் சான்றைத்தான் காட்டச் சொல்வேன்.

மைலேஜ் பைபாஸில் 20, மலை ஏறி இறங்கினால் சராசரி 16. இறக்கத்தில் செகண்டில் விட்டால் என்ஜினே பிடித்துக்கொள்கிறது, பிரேக் பேட் பாதிதான் தேய்ந்திருக்கிறது. ஏர்பேக் இல்லாத மாடல். மார்கழிப் பனியில் முன்னால் பத்தடி தெரியாமல் இறங்கும்போது இதை மட்டும் நினைத்து வருத்தப்படுவேன், அதற்கு எந்தத் தாளும் உதவாது.

போன மாதத்திலிருந்து ஒரு புது சங்கதி. இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம், வாங்கும்போது இரண்டு நொடி இருந்தது, இப்போது நாலு. போனை என்ஜின் பக்கம் பிடித்து அண்ணனைக் கேட்க வைத்தேன். "தீபாவளி வரைக்கும் ஓட்டுங்க. ஆயில் மாத்தறப்போ கழட்டிப் பாத்துக்கலாம்" என்றார். டப்பாவில் 25,200 இருக்கிறது.