பழைய டர்ன்டேபிள்: ஃபியெஸ்டாவா, காரார்டா, ஜப்பானா?

பரணில் அப்பா காலத்து எல்பிகள் கிடக்கின்றன, கேட்க ஒரு பிளேயர் வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. இப்படிப் பழைய சரக்கைத் தேடுபவர் முன்னால் பெரும்பாலும் வந்து நிற்பவை நாலு வகை: எச்எம்வி ஃபியெஸ்டா போன்ற பெட்டி பிளேயர், இங்கிலாந்தின் காரார்டு எஸ்பி25, ஜப்பானின் பயனியர் பிஎல்-12டி, டெக்னிக்ஸ் எஸ்எல்-டி2.

ஃபியெஸ்டாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருப்பதால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், பார்க்கவும் அழகு. ஆனால் இந்த வகைப் பெட்டிகளில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்). நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் பாரம் போதும் என்றால், இது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தும். ஏற்கெனவே கீறல் விழுந்த தட்டுகளுக்குச் சரி. இனி கிடைக்காத எல்பியை அதில் வைக்க எனக்கு மனசு வராது. (கைவினைக் கடைகளில் விற்கும் பித்தளைக் குழாய் கிராமபோன் பக்கம் போகவே வேண்டாம். அதன் இரும்பு ஊசி எல்பியை ஒரே தடவையில் நாசமாக்கிவிடும்.)

காரார்டு எஸ்பி25 ஐட்லர் டிரைவ். மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் தட்டுமேடையைத் தள்ளும். சுழற்சியில் பலம் இருக்கும், கூடவே மோட்டாரின் உறுமலும் ஸ்பீக்கருக்கு வந்து சேரும். பல வருஷம் சும்மா கிடந்ததில் ரப்பர் ஒரு இடத்தில் தட்டையாகியிருந்தால் ‘டொக் டொக்’ என்று அடிக்கும். உள்ளே கிரீஸ் கட்டியாகி, பாட்டு முடிந்து தானாகத் திரும்ப வேண்டிய கை பாதியில் நின்றுவிடுவதும் சகஜம். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. இதை வாங்க ஒரு வலுவான காரணம் நிமிஷத்துக்கு 78 சுற்று வேகம். வீட்டில் அரக்குத் தட்டுகள் இருந்தால் மற்ற மூன்றைவிட இதுதான் ஏற்றது. அப்போதும் ஊசியை மாற்ற வேண்டும், எல்பி ஊசியைவிட சுமார் நாலு மடங்கு அகலமான முனை தேவைப்படும்.

உண்மையான போட்டி இரண்டு ஜப்பான்காரர்களுக்கு இடையில்தான். இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் பொருந்தியிருக்கும் முனையை (ஹெட்ஷெல்) திருகிக் கழற்றலாம், கார்ட்ரிட்ஜை மாற்றுவது சுலபம். பிஎல்-12டி பெல்ட் டிரைவ், மோட்டார் ஒரு பெல்ட்டால் தட்டுமேடையைச் சுற்றும். ஊசி இருக்கும் டோன்ஆர்மைக் கையால் தூக்கி வைத்து கையாலேயே எடுக்க வேண்டும். கெட்டுப்போக உள்ளே அதிகம் இல்லை. பெல்ட் தளர்ந்தால் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. ஆனால் இதன் மோட்டார் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணை, அதாவது ஹெர்ட்ஸை, நம்பியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டி என்றால் அது 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. நம் 50 ஹெர்ட்ஸில் எல்பிக்கான 33⅓ சுற்று 28-க்குக் கீழே போய், சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) கிடைத்தால்தான் அந்தப் பெட்டிக்கு விமோசனம்.

எஸ்எல்-டி2-வுக்கு அந்தத் தொல்லை இல்லை. டைரக்ட் டிரைவ், மோட்டாரே நேராகத் தட்டுமேடையைச் சுற்றும், வேகத்தை மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்கிறது, வோல்டேஜ் மட்டும் பொருந்தினால் போதும். பெல்ட்டும் கிடையாது. வேகம் அலைந்தால் முதலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூசி சேர்ந்திருக்கும், கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். மோட்டாரை ஓட்டும் ஐசி (மின்னணுச் சில்லு) போய்விட்டால்தான் சிக்கல், அப்போது அதே மாடலின் இன்னொரு பெட்டியை உடைத்துத்தான் பாகம் எடுக்க வேண்டியிருக்கும். இதே கம்பெனியின் எஸ்எல்-1200 எம்கே2 (1979) டிஜேக்களின் செல்லம். அந்தப் பெயருக்கே தனி விலை என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் ஓட்டு, நேரில் ஓடவிட்டுப் பார்க்க முடிந்தால் எஸ்எல்-டி2-வுக்கு. பார்க்காமல் வாங்குவதென்றால், 50 ஹெர்ட்ஸ் என்று உறுதியான பிஎல்-12டி-க்கு.

சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மேடையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, 33⅓-ல் மூன்று நிமிஷம் எண்ணுங்கள், சரியாக 100 சுற்று வர வேண்டும். டோன்ஆர்மை விரலால் மெதுவாக அசைத்தால் எங்கும் தடுக்காமல் போக வேண்டும். ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடினால் ஹெட்ஷெல்லைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள், பல நேரம் கோளாறு அங்கேதான்.

விற்பவர் சொல்லும் விலையோடு புது ஊசிக்கும், ஆம்ப்ளிஃபயரில் டர்ன்டேபிளுக்கென்றே உள்ள போனோ இன்புட் இல்லையென்றால், கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப்புக்கும் பணம் எடுத்து வையுங்கள். அப்புறம், கூரியரில் வருவதாக இருந்தால் டோன்ஆர்மின் பின்முனையில் இருக்கும் எடைக்குண்டையும் ஹெட்ஷெல்லையும் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், கழலும் தட்டுமேடையையும் அப்படியே. டோன்ஆர்மைக் கட்டி வைக்காமல் அனுப்பிய பெட்டியை வாங்கி வைத்து அழுதவர்கள் நிறைய.