வேரைத் தின்று வாழும் மீன் என்று விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

மட்டக்களப்பு நகரில் அலங்கார மீன் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பூச்செடி செருகிய கண்ணாடி ஜாடிக்குள் பைட்டர் என்கிற சண்டை மீனை விட்டு, பராமரிப்பே தேவையில்லை என்று விற்கிறார்கள். மகனின் பிறந்தநாளுக்கு 3,500 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன்.

"சாப்பாடு ஒன்றும் போட வேண்டாம் அக்கா, வேரைத் தின்றுகொண்டு கிடக்கும். தண்ணீரையும் செடியே சுத்தமாக்கும்" என்றார் கடைக்காரர். பச்சைப் பொய். பைட்டர் புழு பூச்சி தின்கிற மீன். நுளம்புக் குடம்பியைக் கண்டால் பாய்ந்து பிடிக்கும். வேரை நம்பி விட்டால் பட்டினிதான்.

அதைவிடக் கொடுமை மூச்சுத் திணறல். செவுளோடு, நேரே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் இதற்கு உண்டு. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தே ஆக வேண்டும். ஜாடியின் வாயையோ செடி அடைத்துக்கொண்டிருந்தது. வேர்களுக்கிடையே தலையை நுழைத்து நுழைத்து அந்த மீன் வழி தேடியது. செடியைப் பிடுங்கி எறிந்த பிறகும் தேறவில்லை. சிவப்பு வாலின் ஓரம் வெளுத்து நூல் நூலாகக் கிழிந்தது. நீலக் கற்களின் மேல் ஒருக்களித்துக் கிடந்து செவுளை இழுத்தது. மகன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் செத்துப்போனது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பைப் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள்" என்றார். பைப் தண்ணீரின் குளோரினைப் போக்கவென்றே அவர் விற்ற, லேபிள் கூட இல்லாத மருந்துப் போத்தலை எடுத்து வைத்ததும் பேச்சை மாற்றினார்: "தாய்லாந்தில் வயல் சேற்றில் கிடக்கிற மீன் அக்கா இது." வயலில் ஆழம் குறைவுதான், ஆனால் பரப்பு எவ்வளவு! நெல் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது?

பைட்டருக்குக் குறைந்தது 20 லீற்றர் தொட்டி வேண்டும். துள்ளி வெளியே விழும் என்பதால் மூடியும் வேண்டும். 24 முதல் 28 பாகை வரை வெப்பம் போதும். நம் ஊரில் மாரி இரவுகளில் மட்டும் கவனியுங்கள். குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். மெதுவாக ஓடும் பில்டரை மீன் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே ஓட விடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில்தான் பெருகும். ஆனால் வெறும் தண்ணீரில் பெருகாது, தினமும் சிறிது மீன் தீனி போட்டு வாருங்கள், அது அழுகி வரும் அம்மோனியாதான் அவற்றுக்கு இரை. இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விடவே கூடாது.

செடி ஜாடியோடு விற்பவரிடம் மீன் வாங்காதீர்கள். எந்தக் கடையானாலும் உங்கள் கண் முன்னே இரை போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனாகப் பார்த்து எடுங்கள்.