குப்பை பிரிக்கச் சொல்லித்தரும் பலகை விளையாட்டு: பாம்பு ஏணியா, சீட்டா, குப்பை வண்டியா?

4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் குப்பை பிரிக்கச் சொல்லித்தர விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்றால், பலரும் முதலில் வரைவது பரமபதக் கட்டம்தான். காய்கறித் தோலைப் பச்சைத் தொட்டியில் போட்டால் ஏணி, பிளாஸ்டிக்கை எரித்தால் பாம்பு. செய்வது சுலபம், விதியையும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பார்க்கும் மூன்று வகைகளில் மிகக் குறைவாகக் கற்றுத் தருவது இதுதான். பிள்ளை எதையுமே முடிவு செய்வதில்லை. பகடை முடிவு செய்கிறது. கட்டத்தில் எழுதியிருப்பதை 4 வயதில் படிக்கவும் தெரியாது.

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. 1 முதல் 10 வரை எண் போட்ட நேர்க்கட்டத்தில் காய் நகர்த்திய குழந்தைகளுக்கு எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட கட்டத்தில் அதே விளையாட்டை ஆடியவர்களுக்குக் கூடவில்லை. ஆடும்போது கையும் வாயும் எதைச் செய்கின்றனவோ அதைத்தான் பிள்ளை கற்கிறது. பாம்பு ஏணியில் அது எண்ணப் பழகும். குப்பை பிரிக்கப் பழகாது.

பாம்பு ஏணிதான் வேண்டும் என்றால் இரண்டு மாற்றம் செய்யுங்கள். 100 கட்டம் வேண்டாம், 6க்கு 6 என்று 36 போதும். வரிசை முடிந்து திசை திரும்பும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் காயைப் பின்னால் நகர்த்திவிடும். அங்கே பெரிய அம்புக்குறி போடுங்கள். அடுத்தது, பாம்பின் தலையில் நின்றதும் உடனே இறக்காதீர்கள். ஒரு படச்சீட்டு எடுத்துச் சரியான தொட்டியில் வைத்தால் தப்பிக்கலாம் என்று விதி வையுங்கள். அப்போதுதான் குப்பை ஆட்டத்துக்குள் வரும்.

இரண்டாவது, சீட்டுப் பிரிப்பு. 6 செ.மீ. சதுரச் சீட்டுகள், மூன்று தொட்டி அட்டைகள்: பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காததற்கும் காகிதத்துக்கும், சிவப்பு பேட்டரி, பல்பு, காலாவதி மாத்திரை போன்றவற்றுக்கு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னதும் இப்படித்தான். உங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் வேறு நிறம் இருந்தால் அதையே போடுங்கள்; வாசலில் பார்ப்பதும் பலகையில் பார்ப்பதும் வேறாக இருந்தால் பிள்ளை குழம்பும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாத பிள்ளைகள் உண்டு, அதனால் இலை, பாட்டில், பெருக்கல் குறி என்று அடையாளமும் சேருங்கள்.

அங்கன்வாடிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று முடியும், சீட்டின் பின்னால் தொட்டியின் அடையாளம் இருந்தால் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. யார் முதலில் சொல்வது என்று போட்டி வைத்தால் 7 வயது அக்காவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவாள், 4 வயதுத் தம்பி வாயைத் திறக்கமாட்டான். தவிர, சில சுற்றுகளில் படங்கள் மனப்பாடமாகிவிடும்.

எங்கள் தேர்வு மூன்றாவது: எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து, குப்பை வண்டி தெருமுனைக்குப் போவதற்குள் பிரித்து முடிக்கும் ஆட்டம். 16 சீட்டுகள்: 7 மக்குபவை, 7 மக்காதவை, 2 அபாயமானவை. வண்டிக்கு 9 கட்டப் பாதை. பகடையின் இரண்டு முகங்களில் வண்டி, நான்கு வெறுமை. முறை வந்தவர் பகடையை உருட்டுவார். வண்டி விழுந்தால் அது ஒரு கட்டம் நகரும். எது விழுந்தாலும் ஒரு சீட்டை எடுத்து வைக்க வேண்டும். தவறான தொட்டியில் வைத்தால் சீட்டு கட்டின் அடிக்குத் திரும்பும். வண்டி 9ஆம் கட்டத்தை அடைந்தால் மிச்சச் சீட்டுகள் குப்பை மேட்டுக்கு.

இந்த ஆட்டத்தின் உயிர் நான்கு இருமுகச் சீட்டுகளில் இருக்கிறது. தயிர் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் தயிர் ஒட்டியிருக்கும், பின்பக்கம் கழுவியது. அழுக்கோடு நீலத் தொட்டிக்குப் போகக் கூடாது. பிள்ளை அதைப் பலகையில் குழாய் வரைந்த கட்டத்தில் வைத்துத் திருப்ப வேண்டும், அதற்கு ஒரு முறை செலவாகும். பால் பாக்கெட், ஜாம் பாட்டில், சாப்பாட்டு டப்பா ஆகியவையும் இப்படியே. எண்ணெயும் குழம்பும் பட்டால் பக்கத்தில் இருக்கும் காகிதமும் கெட்டுப் பழைய பேப்பர் கடைக்கு ஆகாமல் போகிறது என்பதை வேறெப்படிச் சொன்னாலும் இந்த வயதில் ஏறாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 16 சீட்டு, கழுவ 4 என்று மொத்தம் 20 முறை. தவறே செய்யாமல் ஆடினால் 9 கட்டப் பாதையில் ஐந்துக்கு நான்கு ஆட்டம் ஜெயிக்கலாம். 7 கட்டமாகக் குறைத்தால் பாதிக்குப் பாதிதான். 4 வயதுக்கு 9 அல்லது 10 வையுங்கள். 7 வயதுக்காரர்களுக்கு 7 சரி. இங்கேயும் அக்கா குறுக்கிடுவாள். சீட்டைக் கையில் வைத்திருப்பவர் கேட்டால் மட்டும் மற்றவர்கள் சொல்லலாம் என்ற விதி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

டீக்கடைக் காகிதக் கப்பையும் பிஸ்கட் உறையையும் முதல் கட்டில் சேர்க்க வேண்டாம். கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, உறையில் பல அடுக்குகள், பெரியவர்களே தடுமாறுவார்கள். வாழையிலை, முட்டை ஓடு, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில் என்று தொடங்குங்கள்.

செய்யும் பொருளிலும் கவனம் தேவை. லேமினேட் செய்த அட்டை நீடித்து உழைக்கும், ஆனால் காகிதத்தோடு பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் மறுசுழற்சிக்கு ஆகாது. 2 மி.மீ. அட்டையில் மைதாப் பசையால் தாளை ஒட்டி, கனம் வைத்து ஓர் இரவு அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காய்ந்ததும் அட்டை வளையும், இரு பக்கமும் ஒட்டுங்கள். காய்க்குப் பாட்டில் மூடி எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அது சுமார் 30 மி.மீ. அகலம், மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பாதுகாப்புச் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மி.மீ., அதற்குள் போகும் பொருள் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம், மூடி அதற்குள் போய்விடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் மூடி வேண்டாம், 5 செ.மீ. மரக்கட்டை வையுங்கள். விற்பதாக இருந்தால், 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால், அச்சுக்குப் போகும் முன்பே அந்த முத்திரைக்கான சோதனைச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.